சோனி ஏ6400 கேமராவுக்கு ஒரே லென்ஸ்: கல்யாணம், கோயில், வயல் மூன்றுக்கும் எது சரிவரும்?

குடவாசல்காரன் | நவம்பர் 9, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஊர் குடவாசல். உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன், படம் எடுப்பது ஞாயிற்றுக்கிழமைகளிலும் சொந்தக்காரர் விசேஷங்களிலும்தான். இரண்டு வருடமாக ஏ6400, கூடவே வந்த 16-50 மி.மீ. கிட் லென்ஸ் (எண் சின்னதானால் அகலமாகத் தெரியும், பெரிதானால் கிட்டத்தில் தெரியும்). தை மாதம் அத்தை மகள் கல்யாணம். ஆல்பத்துக்கு ஸ்டுடியோக்காரர்களைச் சொல்லியாகிவிட்டது, ஆனால் நீ எடுக்கிற மாதிரி கொஞ்சம் படம் வேண்டும் என்று அத்தை கேட்டிருக்கிறார், அதற்குள் லென்ஸை மாற்றவேண்டும்.

ஏன் மாற்றவேண்டும் என்றால், போன ஆவணியில் ஒரு மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் எடுத்த படம். பெரிதாக்கிப் பார்த்தால் மாலையில் ஒவ்வொரு இதழும் தெரிகிறது, மாப்பிள்ளையின் விரல்கள் மட்டும் வெல்லப்பாகு மாதிரி இழுபட்டுக் கிடக்கின்றன. 50 மி.மீ., எஃப் 5.6 (லென்ஸ் திறப்பு), ஷட்டர் 1/60 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 6400. கன்னத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறது. அந்த நொடி இனி வராது, அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தம்தான்.

கையில் 45 ஆயிரம், இழுத்துப் பிடித்தால் 50. சிக்மா 18-50 எஃப் 2.8, டாம்ரான் 17-70 எஃப் 2.8, சோனி 18-105 எஃப் 4, சோனி 18-135, இந்த நான்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டாம்ரான் புதிதாக வாங்கினால் பட்ஜெட் தாண்டுகிறது. ஒரே லென்ஸ்தான், இரண்டு வாங்க வழியில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


முகூர்த்தநாள் | நவம்பர் 9, இரவு 10.25

தம்பி, நான் மாயவரத்தில் 19 வருடமாகக் கல்யாண வேலை பார்க்கிறேன். உன் படத்திலேயே பதில் இருக்கிறது. மாலை தெளிவாக இருக்கிறது என்றால் உன் கை ஆடவில்லை, கிட் லென்ஸில் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷன் அதன் வேலையைச் செய்திருக்கிறது. விரல் கலங்கியிருக்கிறது என்றால் மாப்பிள்ளையின் கை ஆடியிருக்கிறது. அதை எந்த ஸ்டெபிலைசேஷனும் நிறுத்தாது, ஷட்டர் ஸ்பீடுதான் நிறுத்தும், அதற்கு வெளிச்சம் உள்ளே வரவேண்டும்.

எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். எஃப் 5.6-லிருந்து எஃப் 2.8-க்கு வந்தால் 2 ஸ்டாப், அதாவது 4 மடங்கு வெளிச்சம். அதே மேடை, அதே விளக்கு, 1/60-க்குப் பதில் 1/125 வைத்து ஐஎஸ்ஓவையும் 3200-க்கு இறக்கலாம். இல்லை ஐஎஸ்ஓவை அப்படியே விட்டுவிட்டு 1/250-க்குப் போகலாம், தாலி முடிச்சுக்கு நான் அப்படித்தான் செய்வேன். ஒன்று மட்டும் கவனி. மேடைக்குப் பின்னால் எல்இடி விளக்கு, சீரியல் பல்பு எல்லாம் இருந்தால் நம் ஊர் கரண்டுக்கு அது நொடிக்கு 100 தடவை மினுக்கும், வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாக விழும். சந்தேகம் இருந்தால் 1/100-இல் வைத்து முதலில் ஒரு படம் எடுத்துப் பார்த்துக்கொள்.

ஆகவே 18-105-ம் 18-135-ம் பட்டியலிலிருந்து போகட்டும். எஃப் 2.8 இரண்டில் ஒன்று.


சம்பாவயல் | நவம்பர் 10, காலை 6.15

அண்ணன் சொல்வது மண்டபத்துக்குச் சரி. ஆனால் தம்பி வயல் என்றும் எழுதியிருக்கிறார். நான் நீடாமங்கலம் பக்கம், சொந்த நிலம், 18-135தான் வைத்திருக்கிறேன். 325 கிராம். நடவு நடக்கும்போது வரப்பில் நின்று வரிசையாகக் குனிந்திருக்கும் பெண்களையும் எடுக்கலாம், அங்கிருந்தே நகராமல் நாலு வயல் தள்ளிக் கொக்கு சூழ்ந்த டிராக்டரையும் எடுக்கலாம். சேற்றில் இறங்கி லென்ஸ் கழற்றி மாட்ட முடியாது, செய்து பார்த்தவனுக்குத் தெரியும். குறுவையோ தாளடியோ, வெட்டவெளியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, எஃப் 8 வைத்தே எடுக்கிறேன், 2.8-க்குக் கொடுக்கும் காசு வயலில் வீண். கோடியக்கரைக்குப் பூநாரை எடுக்கப் போகிறேன் என்றால் இந்த நான்கில் எதுவும் உதவாது, அது 400 மி.மீ. சமாச்சாரம், அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.


ராஜகம்பீரம் | நவம்பர் 10, காலை 11.05

நான் கும்பகோணம், கோயில் சிற்பங்கள் மட்டுமே எடுக்கிறேன். தம்பியிடம் முதலில் ஒரு கேள்வி. இந்த இரண்டு வருடத்தில் எடுத்த படங்களை எந்த மி.மீ.யில் எடுத்தோம் என்று எண்ணிப் பார்த்தீர்களா? ஒவ்வொரு படத்திலும் அந்த விவரம் பதிவாகியிருக்கும், கம்ப்யூட்டரில் போட்டுப் பிரித்துப் பார்க்கலாம். மற்றவர்கள் படங்களை வைத்து நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம், உங்கள் படங்களை நீங்கள்தான் பார்க்கவேண்டும். அதைச் செய்யாமல் லென்ஸ் வாங்காதீர்கள், நான் அப்படி ஒன்று வாங்கி ஆறு மாதத்தில் நஷ்டத்துக்கு விற்றிருக்கிறேன்.

முகூர்த்தநாள் அண்ணா சொன்னதில் பாதிக்குத்தான் எனக்குச் சம்மதம். கல் ஆடாது. தாராசுரத்தில் உள் மண்டபத்துக்குள் போனால் தூண்களுக்கு நடுவே வெளிச்சம் அப்படியே விழுந்துவிடும், எஃப் 2.8 வைத்தும் ஐஎஸ்ஓ 1600-இல் 1/10 வரைக்கும் இறங்கவேண்டி வரும். ட்ரைபாட் வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், நினைத்த நேரத்தில் விரித்து வைக்க முடியாது. ஏ6400 பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, சிக்மா 18-50-லும் கிடையாது. அங்கே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்து எட்டு எடுத்தால் இரண்டு தேறும். டாம்ரானில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, நான் வைத்திருப்பது சிக்மாதான். ஏறக்குறைய 290 கிராம். தோளில் மாட்டியிருப்பதே தெரியாது. அகலமான முனையில் 12 சென்டிமீட்டர் வரை கிட்டே போய் ஃபோகஸ் ஆகும். தாராசுரத்தில் அடித்தளத்தை ஒட்டி நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்களே, அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து அடியவர் முகத்தில் உளி பட்ட கோடு வரைக்கும் எடுக்கலாம். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் அந்தச் சிற்பத்தையும் பாதிப் பாதியாக மறைத்துப் பார்க்கிற மாதிரி நெருங்கி எடுத்திருக்கிறேன். அதை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இந்த லென்ஸை வாங்கியது நல்லது என்றே தோன்றும்.


குடவாசல்காரன் | நவம்பர் 11, இரவு 11.50

அக்கா, சொன்னபடி உட்கார்ந்து எண்ணினேன், மூன்று மணி நேரம் ஆனது. அழிக்காமல் வைத்திருப்பவை 1,212 படங்கள். அதில் 16 மி.மீ.யில் 470, 50 மி.மீ.யில் 415. நடுவில் 20-லிருந்து 45 வரைக்கும் எல்லாம் சேர்த்தே 300 சொச்சம்தான். இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை, நான் நடுவில்தான் அதிகம் எடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.


ராஜகம்பீரம் | நவம்பர் 12, காலை 7.30

இரண்டு முனையிலும் குவிந்திருக்கிறது என்றால் இரண்டு பக்கமும் லென்ஸ் உங்களுக்குப் போதவில்லை. அகலம் இன்னும் வேண்டும் என்று 16-இல் முட்டி நிற்கிறீர்கள், இன்னும் கிட்டே வேண்டும் என்று 50-இல் முட்டி நிற்கிறீர்கள். இப்போது அந்த 415-ஐத் திறந்து எத்தனை படங்களைப் பிறகு வெட்டிச் சின்னதாக்கியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். வெட்டியது பாதிக்கு மேல் என்றால் 18-50 வாங்கினாலும் அதே இடத்தில்தான் முட்டுவீர்கள். இதை சிக்மா வைத்திருக்கும் நானே சொல்கிறேன்.


ஆழித்தேர் | நவம்பர் 12, மதியம் 1.10

திருவாரூரிலிருந்து. அகலமான முனையைப் பற்றி ஒன்று, இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 16-க்கும் 18-க்கும் 2 மி.மீ.தானே என்று கடையில் சொல்வார்கள். ஏ6400-இல் 16 என்றால் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் கேமரா) கணக்கில் 24, 18 என்றால் 27. பத்து மீட்டர் தள்ளி நின்றால் 16-இல் 14.7 மீட்டர் அகலம் படத்துக்குள் வரும், 18-இல் 13 மீட்டர்தான். எங்கள் தேர் அலங்காரத்தோடு 96 அடி, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து அதை முழுதாக அடக்க வெறும் கணக்குப்படி 16-இல் 20 மீட்டர் பின்னால் போகவேண்டும், 18-இல் 22 மீட்டரைத் தாண்டிவிடும். அண்ணாந்து பிடிக்கும்போது கணக்குக் கொஞ்சம் மாறும், ஆனாலும் தேரோட்டத்தன்று வடம் பிடிக்கும் கூட்டத்துக்குள் அந்த இரண்டு மீட்டர் கிடைக்காது. பின்னால் வீட்டுத் திண்ணைதான் இருக்கும், அதிலும் இருபது பேர் ஏறி நிற்பார்கள்.

ஆகவே எந்த லென்ஸ் வாங்கினாலும் கிட் லென்ஸை விற்காதீர்கள். செகண்ட் ஹேண்டில் அதற்கு ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. 116 கிராம், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்தில் எஃப் 8-இல் வைத்தால் தேருக்கும் கோபுரத்துக்கும் அது நன்றாகவே எடுக்கும்.


கோலம் | நவம்பர் 12, இரவு 8.45

நான் வேறு மாதிரி சொல்கிறேன், பாருங்கள். கிட் லென்ஸையே வைத்துக்கொண்டு சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 ஒன்று வாங்கிவிடுங்கள். 2.8-ஐ விட அது 2 ஸ்டாப் அதிக வெளிச்சம், காசும் பாதிதான் ஆகும். என் குழந்தைகளை விளக்கு வெளிச்சத்தில் எடுத்ததெல்லாம் அதில்தான். கார்த்திகை அன்று திண்ணையில் அகல் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது, மகள் குனிந்து திரியைத் தூண்டும்போது எடுத்த படத்தில் மூக்கின் ஓரத்திலும் மூக்குத்தியிலும் மட்டும் வெளிச்சம். எந்த ஜூமிலும் எனக்கு அது கிடைத்ததில்லை.


முகூர்த்தநாள் | நவம்பர் 12, இரவு 10.00

அம்மா, வீட்டில் குழந்தையை எடுக்க நீங்கள் சொல்வது மிகவும் சரி. மண்டபத்தில் சரிவராது. அட்சதை போடும் நேரத்தில் மேடைக்குக் கீழே ஸ்டுடியோக்காரர்கள் இருவர், வீடியோக்காரர் ஒருவர், நூறு செல்போன். தம்பி நினைத்த இடத்துக்கு நடக்க முடியாது, நின்ற இடத்திலிருந்தே மணப்பெண் முகமும் வேண்டும், மேடை முழுதும் வேண்டும். ஓமப்புகையில் லென்ஸைக் கழற்றி மாட்டினால் சென்சாரில் சாம்பல் உட்காரும். ஜூம் வைத்துக்கொள்வது அதற்காகத்தான், சோம்பலுக்காக அல்ல.


குடவாசல்காரன் | நவம்பர் 13, இரவு 10.30

415-இல் 260 படங்களை வெட்டியிருக்கிறேன். பெரும்பாலும் மேடைக்குக் கீழிருந்து எடுத்த முகங்கள், சில நாதஸ்வரக்காரர் கன்னம். 50 எனக்குப் போதவில்லை என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் டாம்ரான் 525 கிராம் என்கிறார்கள், இந்தச் சின்ன கேமராவுக்கு முன்பாரம் அதிகமாகிவிடாதா? கையில் பிடித்துப் பார்க்காமல் 50 ஆயிரத்தைப் போடப் பயமாக இருக்கிறது.


முகூர்த்தநாள் | நவம்பர் 13, இரவு 10.50

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் எனக்கு ஒரு வளைகாப்பு வேலை இருக்கிறது. வா. என்னிடம் டாம்ரான் இருக்கிறது, ஒரு மணி நேரம் உன்னிடமே கொடுக்கிறேன். உனக்கு அக்கா சிக்மாவைக் கொடுத்தால் இரண்டையும் பார்த்துவிடலாம்.


ராஜகம்பீரம் | நவம்பர் 14, காலை 6.40

நான் தாராசுரத்தில் காலை 7 மணிக்கு இருப்பேன். வந்துவிட்டு அண்ணாவிடம் போங்கள்.


குடவாசல்காரன் | நவம்பர் 16, இரவு 11.20

இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன். அக்காவுக்கும் அண்ணனுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

சிக்மாவை மாட்டியதும் கேமரா கையில் அப்படியே அடங்கிவிட்டது, அந்தச் சௌகரியம் உண்மைதான். கோயிலை இரண்டு சுற்றுச் சுற்றினேன், கழுத்து வலிக்கவில்லை. உள்ளே தூணில் இருந்த நடனப்பெண் ஒருத்தியை 1/10-இல் பத்துப் படம் எடுத்தேன், மூன்று தேறியது. மதியம் வளைகாப்பில் டாம்ரான். முதல் பத்து நிமிடம் கேமராவின் தலை கீழே இழுத்தது, பிறகு இடது கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்துப் பிடித்தால்தான் சரி என்று அண்ணன் காட்டிக்கொடுத்தார், அதன் பிறகு பாரம் அவ்வளவாகத் தெரியவில்லை. கூடத்தின் ஓரத்தில், பெரியவர்களுக்குப் பின்னால் நின்றபடியே 70-க்குத் திருப்பினேன். ஒரு பாட்டி, கண்ணாடி வளையல் உடையாமல் இருக்கப் பெண்ணின் ஐந்து விரலையும் சேர்த்துக் குவித்துப் பிடித்து மெதுவாக ஏற்றுகிறார். பாட்டியின் நகத்தில் மஞ்சள் ஒட்டியிருப்பது தெரிகிறது. எஃப் 2.8, 1/200, ஐஎஸ்ஓ 3200. வெட்டவே வேண்டியிருக்கவில்லை.

டாம்ரான்தான் என்று முடிவு செய்துவிட்டேன். திருச்சியில் ஒருவர் இரண்டு வருடம் பயன்படுத்தியதை 44 ஆயிரத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். பழையது வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?


கண்ணாடிவைத்தியர் | நவம்பர் 17, காலை 9.15

தஞ்சாவூரில் கேமரா, லென்ஸ் ரிப்பேர் பார்க்கிறேன். இதற்காகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பூஞ்சை. நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு என்னிடம் வருவதில் பெரும்பாலும் அதுதான். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள், நேராக அடித்தால் தெரியாது. நாலைந்து தூசிப் புள்ளி இருந்தால் கவலைப்படாதீர்கள், படத்தில் வராது. ஓரத்திலிருந்து சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்து ஓடினால் அது பூஞ்சை, எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். ஆரம்பத்தில் துடைத்தால் போய்விடும், முற்றிவிட்டால் கண்ணாடியின் கோட்டிங்கையே அரித்துவிடும், அதை யாராலும் சரிசெய்ய முடியாது.

அடுத்தது, கீழே விழுந்ததா என்று பார்க்கவேண்டும். ஃபில்டர் மாட்டும் விளிம்பில் நசுங்கல் இருக்கிறதா, ஃபில்டர் மரையில் பிடித்துத் திரும்புகிறதா என்று பாருங்கள், இந்த லென்ஸுக்கு 67 மி.மீ. ஃபில்டர். பிறகு ஒரு செங்கல் சுவருக்கு நேராக நின்று எஃப் 2.8-இல் 17, 35, 70 மூன்றிலும் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் பரவாயில்லை, ஒரு மூலை மட்டும் தனியாகக் கலங்கியிருந்தால் உள்ளே கண்ணாடி இடம் மாறியிருக்கிறது. ஸ்டெபிலைசேஷனையும் சோதியுங்கள். 70-இல் வைத்து 1/15-இல் பத்துப் படம் எடுத்தால் ஆறேழு படமாவது தெளிவாக வரவேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் இதையெல்லாம் அவர் வீட்டிலேயே செய்யுங்கள். நல்ல மனிதராக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.


சம்பாவயல் | நவம்பர் 17, மாலை 5.30

வைத்தியர் சொன்ன டார்ச் வேலையை இப்போதுதான் என் 18-135-க்குச் செய்து பார்த்தேன். ஓரத்தில் நூல் மாதிரி ஒன்று தெரிகிறது. நாளைக்கே கொண்டுவருகிறேன் ஐயா, கடை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?


கண்ணாடிவைத்தியர் | நவம்பர் 17, மாலை 6.05

பத்து மணிக்கு. அதுவரை வேறு லென்ஸோடு சேர்த்து வைக்காதீர்கள்.


குடவாசல்காரன் | நவம்பர் 23, இரவு 9.00

இன்று திருச்சி போய் வாங்கிவிட்டேன். வைத்தியர் ஐயா சொன்ன எல்லாவற்றையும் செய்தேன், அந்த அண்ணனே மாடிக்குக் கூட்டிப்போய்ச் செங்கல் சுவரைக் காட்டினார். நான்கு மூலையும் ஒன்றுபோல் இருந்தது. 43 ஆயிரத்துக்கு முடிந்தது, மீதியில் ஒரு ஃபில்டர். கிட் லென்ஸை விற்கவில்லை, பங்குனியில் திருவாரூருக்கு எடுத்து வருகிறேன். வெளியே மழை விடாமல் பெய்கிறது, வாங்கின அன்றைக்கே பூஞ்சை பயம் வந்துவிட்டது. இதை எங்கே வைப்பது?


கண்ணாடிவைத்தியர் | நவம்பர் 23, இரவு 9.40

பீரோவில் துணிக்கு நடுவிலும் வைக்காதீர்கள், தோல் பையிலும் வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும், 30-க்குக் கீழே ரொம்ப வறண்டாலும் ரப்பருக்கு ஆகாது. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசாகச் சூடுபண்ணித் திரும்பப் போடலாம், ஆனால் அந்த வாணலியில் பிறகு சமைக்காதீர்கள். ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வரும்போது பையைத் திறக்காமல் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் வியர்த்துவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம், வாரம் ஒரு தடவையாவது எடுத்து வெளிச்சத்தில் பயன்படுத்துங்கள்.


குடவாசல்காரன் | நவம்பர் 23, இரவு 10.15

அம்மாவிடம் டப்பா கேட்டேன். தீபாவளிக்கு முறுக்கு போட்டுவைத்த பெரிய டப்பாவைக் கழுவித் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறார். காலையில் நன்றாகக் காய்ந்ததும் லென்ஸை உள்ளே வைத்துவிடுகிறேன் ஐயா, இன்றிரவு மேஜைமேல்தான் இருக்கும்.